சன்பேக் ஷீட்டில் ஒரு கிளைடர்

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் கம்பத்துக்குக் கம்பம் 'வீட்டு மனை விற்பனை' அட்டை தொங்கும். ரெண்டு தோலுக்கு நடுவே குழல் குழலாக ஓடுமே, அந்த பிளாஸ்டிக் அட்டைக்கு சன்பேக் ஷீட் என்று பெயர். காத்துல அறுந்து விழுந்ததைப் பொறுக்கி வந்து என் அக்கா மகன் ரிமோட் கிளைடர் செய்திருக்கிறான்.

பறக்கிற சாமானுக்கு இது தோதான பொருளே இல்லை. தெர்மாகோலைவிட கனம். ஃபெவிகால் ஒட்டாது. ஆனால் தெர்மாகோல் விழுந்தா நொறுங்கும், இது மடங்கும். நிமிர்த்தி ரெண்டு கேபிள் டை போட்டால் மறுபடி பறக்கும். மோட்டார், பேட்டரி, ரிமோட்டுக்கே ஏழெட்டாயிரம் ஆகிவிட்டது. "இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது"ன்னு அக்கா வீட்டுக்காரர் சொல்லிட்டார்.

ரெண்டரை அடி அட்டை ரெண்டு, நடுவில் லேசாக மேல்நோக்கி வளைத்து இணைத்தால் அஞ்சடி இறக்கை. உள்தோலை மட்டும் குழல் நெடுக பிளேடால் கீறி மடித்தால் முன்விளிம்பு தயார். வாலுக்கும் அதே கீறல்தான் கீல். உள்ளே ஒரு மூங்கில் பிளாச்சு. முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் மூணில் ஒரு பங்கு தள்ளி, ரெண்டு விரலில் தூக்கினால் மட்டமா நிக்கணும். மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம் பார்க்கிற கணக்கேதான். பேட்டரியை நகர்த்திச் சரி பண்ணினான்.

மோட்டார் மேலே ஏற மட்டும். அப்புறம் நிறுத்திவிட்டுக் காத்தை நம்ப வேண்டியதுதான். அதுக்கு மட்டும் பையன் என்கிட்ட வந்தாகணும். கல்வராயன் மலை எங்களுக்கு மேற்கே. ஆடியில் மேல்காத்து மலையைத் தாண்டி எங்க பக்கம் சரிந்து விழும், கிளைடரையும் சேர்த்து அமுக்கும். தை மாசத்துக் கீழ்காத்தை அதே சரிவு மேலே தூக்கிவிடும். காத்தே இல்லாத உச்சிவேளையில் உழுது போட்ட காட்டு மேலே பருந்து சிறகசைக்காமல் வட்டமடிக்கும். அங்கே சூடேறின காத்து எழும்புதுன்னு அர்த்தம். "பருந்துகிட்ட ஓட்டுடா" என்பேன். கீழிருந்து பார்த்தால் இறக்கையில் 'உடனடி பத்திரப்பதிவு' என்று தெரியும்!

போன வாரம் கரும்புக்குள்ளே விழுந்தது. ஆளுயரத்துக்கு மேல வளர்ந்த கரும்பு. ஒரு மணி நேரம் தேடினோம், சோகை கையெல்லாம் கிழிச்சிட்டுது. மூக்கு மடங்கியிருந்தது, அவ்வளவுதான். வரப்பிலேயே உட்கார்ந்து கேபிள் டை போட்டு, மறுபடி கையால வீசி ஏற்றினான்.

அக்கா வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "பேட்டரி எவ்ளோ நேரம் வரும்?" என்று மட்டும் கேட்டார்.