கூட வருகிறவர்

வேட்டைக்கும் எனக்கும் காத தூரம். எங்கள் வீட்டுக்குள் துப்பாக்கி வருவது தீபாவளிக்கு மட்டும்தான். அதுவும் சுருள் கேப் போட்டு வெடிக்கிற ஜாதி. அப்படிப்பட்ட நான், எழுதிக்கொண்டிருந்த கதை ஒன்றில் ஆப்பிரிக்க வேட்டை வழிகாட்டி ஒருவரைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு பாத்திரத்தைக் கதைக்குள் விடுவதற்கு முன் அவருடைய படிப்பு என்ன, அநுபவம் என்ன என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. பெண்ணுக்கு வரன் விசாரிக்கிற மாதிரிதான். ஆகவே, புத்தகங்களை வரவழைத்து விசாரிக்கத் தொடங்கினேன்.

குறி தவறாமல் சுடத் தெரிந்தால் போதாதா என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஜிம்பாப்வே நாட்டில் அது போதாது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர் அங்கே முதலில் பரீட்சை எழுத வேண்டும். சட்டம் ஒரு தாள். துப்பாக்கியும் தோட்டாவும் ஒரு தாள். மிருகங்களின் பழக்கவழக்கங்களும் அவை வாழும் இடங்களும் ஒரு தாள். பொது விஷயங்களுக்கு இன்னொன்று. எல்லாவற்றிலும் தேறினால் கிடைப்பது, கற்றுக்கொள்ளுகிறவர் என்ற உரிமம்தான். அதை வைத்துக்கொண்டு, தேர்ந்த வழிகாட்டி ஒருவரிடம் வருஷக் கணக்கில் குருகுலவாசம் செய்ய வேண்டும். காட்டு நடுவில் நின்றுபோன வண்டியைக் கிளப்புவதிலிருந்து, பாம்பு கடித்தவருக்கு முதலுதவி செய்வது வரைக்கும் எல்லாம் பாடம். கடைசியில் காட்டிலேயே பல நாள் பரீட்சை. யானைக்கும் எருமைக்கும் முன்னால் எப்படி நிற்கிறார் என்று பார்க்கிறார்கள். அதோடு, கூடாரம் எப்படிப் போட்டிருக்கிறார், வந்தவர்களுக்கு என்ன சாப்பாடு போடுகிறார் என்றும் பார்க்கிறார்கள்!

"கொல்லுகிற காரியத்துக்கு இத்தனை ஒழுங்கா?" என்று கேட்டாள் என் மனைவி. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கும் அந்தக் காரியம் பிடித்தமானதில்லை. ஆனாலும் அந்த ஆசாமியை என்னால் விட முடியவில்லை.

அவர் பையில் ஒரு சிறு துணி முடிச்சு இருக்கும். உள்ளே சாம்பல். அடிக்கடி அதை லேசாகத் தட்டுவார். பறக்கிற தூசி காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று சொல்லிவிடும். நம் வாடை மிருகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அன்றைய நடை அவ்வளவும் வீண். எங்கள் பாட்டி பாத்திரம் தேய்ப்பதற்கென்று எடுத்து வைத்த சாம்பலுக்கு இப்படி ஒரு கௌரவம் உண்டென்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

காற்றையும் காலடித் தடத்தையும் கற்றுக்கொண்டுவிடலாம். மனிதனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். எத்தனையோ கடல் தாண்டி, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பெருந்தொகை கட்டிவிட்டு வந்திருக்கிறார் ஒரு பணக்காரர். விடியற்காலையிலிருந்து நடந்து களைத்து, கடைசியில் எருமை மந்தை ஒன்று கண்ணில் படுகிறது. அவர் துப்பாக்கியைத் தூக்குகிறார். 'வேண்டாம்' என்று தலையசைக்க வேண்டும் இவர். அது இளங்கன்றாக இருக்கலாம். அதன் பின்னால் மறைந்து இன்னொன்று நிற்கலாம், தோட்டா ஒன்றைத் துளைத்துக்கொண்டு மற்றதிலும் பாயலாம். படியளக்கிறவரிடம் 'கூடாது' என்று சொல்வதற்குக் கேள்வித்தாள் கிடையாது. உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு கடினமென்று தெரியும்.

அதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. வந்தவர் அவசரத்தில் சுட்டு, தோட்டா தப்பான இடத்தில் பட்டு, சிங்கம் உயரமான புல்லுக்குள் போய்விடுகிறது. இப்போது என்ன? ஹெமிங்வே 1936-இல் வெளியிட்ட மெக்கோம்பர் கதையில் இந்தக் கட்டம்தான் உயிர்நிலை. சுட்ட பணக்காரர், அதை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாதா என்கிறார். வழிகாட்டி வில்சனோ, அது வேதனைப்பட்டுக்கொண்டிருக்கும், வேறு யாராவது அதன்மேல் போய் மோதவும் கூடும் என்று சொல்லிவிட்டுப் போகத் தயாராகிறான். நீங்கள் வர வேண்டாம் என்றும் சொல்கிறான். சுட்ட கை ஒன்று. முடிக்கப் போகிற கை வேறு. காயம்பட்ட எருமையானால், அரைவட்டமாகத் திரும்பி வந்து தன் தடத்தின் ஓரத்திலேயே காத்திருக்கும் என்று அநுபவஸ்தர்கள் எச்சரிப்பார்கள். அப்படியும் போகத்தான் வேண்டும். பிறர் செய்த காரியத்தின் மிச்சத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொள்வதற்குத்தான் இவருக்குச் சம்பளம். மற்றதையெல்லாம் கூலிக்கு ஆள் வைத்தே செய்துகொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஹெமிங்வே இதைச் சும்மா கற்பனை செய்துவிடவில்லை. 1933-34-இல் அவரைக் கிழக்காப்பிரிக்கக் காடுகளுக்கு அழைத்துப்போனவர் பிலிப் பெர்சிவல். 1909-இல் தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கம் தேடிப் போனபோதும் கூட இருந்தவர் அவர். இப்படிப்பட்டவர்கள் 1934-இல் நைரோபியில் நார்ஃபோக் ஹோட்டலில் கூடி, தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பெர்சிவல் நெடுங்காலம் அதன் தலைவராக இருந்தார்.

அந்தச் சங்கத்தார் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஆனால் அவர்களுக்கு முன்னால் குனிந்து, கலைந்த புல்லையும் உலர்ந்த சாணத்தையும் பார்த்து, எத்தனை மிருகம், எப்போது போயிற்று என்று சொல்லிக்கொண்டு போனவர்கள் ஆப்பிரிக்கர்கள். புல்லுக்குள் முதல் அடி வைத்தவர்கள் அவர்கள்தாம். புகைப்படங்களில் பெரும்பாலும் ஓரமாக நிற்கிறார்கள், பெயர் போடவில்லை. என் கதையில் அப்படி ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டேன். அவரும் வழிகாட்டியும் பேசிக்கொள்கிற இரண்டு பக்கத்தை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஆயிற்று.

1977-இல் கென்யா அரசாங்கம் வேட்டையை அடியோடு தடை செய்தது. நார்ஃபோக் ஹோட்டலில் பிறந்த சங்கமும் அந்த வருஷமே கலைந்தது. சிலர் வேட்டை அநுமதிக்கப்பட்ட வேறு நாடுகளுக்குப் போனார்கள். சிலர் காமிராக்காரர்களை அழைத்துப்போகும் வேலையில் இறங்கினார்கள். அந்த வேலைக்கும் காற்றும் தடமும் தெரிந்திருக்க வேண்டும். யானை காதை விரித்தால் அதற்கு என்ன அர்த்தமென்று தெரிந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் படம் நன்றாக விழும் என்று வண்டியை விட்டு இறங்கப் பார்க்கிறவரைத் தோளைப் பிடித்து உட்கார வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.