தொடைக்கடியில் இரண்டு கைகள்

மைக்கில் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார்கள். "பேரன்ட்ஸ் எல்லாரும் தயவுசெஞ்சு வெளிய வாங்க. நீங்க வந்தாதான் ரவுண்ட் ஸ்டார்ட் பண்ணுவோம்." யாரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை. ஒரு அப்பா மகனின் காதில் கடைசி நிமிட உபதேசம் ஓதுகிறார். இன்னொரு அம்மா மகளின் நெற்றியில் விபூதியைப் பூசி, மூக்கில் விழுந்ததை ஊதிவிடுகிறார். தாம்பரம் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் இது. பந்தி மேசைகளில் இலைக்குப் பதிலாகப் பச்சை வெள்ளைக் கட்டம் போட்ட ரெக்சின் விரிப்புகள். சுருட்டியே வைத்திருந்ததால் அவற்றின் முனைகள் எழும்பி நிற்கின்றன. ஆர்பிட்டர் ஒருவர் உள்ளங்கையால் அவற்றை நீவிக்கொண்டே வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை செஸ் போட்டி. ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 5 விநாடி கூடுதல். அக்கா பையனுக்குத் துணையாக வந்த எனக்கு இங்கே வேறு வேலை கிடையாது. அவன் முதல் இரண்டு ரவுண்டையும் நாலைந்து நிமிடத்தில் தோற்றுவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் யாரோ கொண்டுவந்த ரப்பர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தவன். மனஉறுதிப் பயிற்சி எதுவும் அவனுக்குத் தேவைப்படாது.

பெற்றோர்கள் ஒருவழியாக வெளியே வந்து, கதவை விட்டுவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு ஜன்னல் கம்பிக்கு இரண்டு கை வீதம். கண்கள் எல்லாம் உள்ளே. பிள்ளை தலை நிமிர்ந்தால் முதலில் தென்படுவது அப்பாவின் முகம். மோசமான மூவ் ஆடிவிட்டால் அதுவும் அந்த முகத்திலேயே தெரிந்துவிடுகிறது.

1978ல் பிலிப்பைன்ஸின் பகியோ நகரத்தில் கார்ப்போவும் கொர்ச்னாயும் உலகப் பட்டத்துக்காக ஆடியபோது, பார்வையாளர் வரிசையில் விளாதிமிர் ஜூகார் என்றொருவர் வந்து உட்கார்ந்தார். சோவியத் தரப்பு அழைத்து வந்த மனோதத்துவக்காரர். அவர் செய்ததெல்லாம் கண் கொட்டாமல் கொர்ச்னாயைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். கொர்ச்னாய் ஆத்திரப்பட்டார், அந்த ஆளைப் பின்னால் தள்ளி உட்காரவையுங்கள் என்று சண்டை போட்டார், கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் கறுப்புக் கண்ணாடி அணிந்து ஆடினார். தியானம் சொல்லிக்கொடுக்க ஆனந்த மார்க்கத்தைச் சேர்ந்த இருவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். 2-5 என்று பின்தங்கியிருந்தவர் 5-5 வரை எட்டிப்பிடித்து, 32ஆவது ஆட்டத்தில் தோற்றார். ஜூகாரின் பார்வைக்கு நிஜமாகவே சக்தி இருந்ததா என்ற ஆராய்ச்சியெல்லாம் வீண். ஒருவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு ஆடுகிறவனின் கவனத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதற்கு மந்திரசக்தி எதற்கு? இந்த ஜன்னலில் மட்டும் முப்பது ஜூகார்கள் நிற்கிறார்கள், அத்தனை பேரும் அன்பானவர்கள்.

27ஆம் நம்பர் போர்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ரெட்டைப் பின்னல் போட்ட பெண், பத்து வயது இருக்கலாம். நாற்காலி உயரம் போதாமல் கால் தரையைத் தொடவில்லை. எதிரே சட்டைப்பையில் பேனா குத்திய ஒரு பையன். அவள் உட்கார்ந்ததும் காய்களைத் தொட்டுத் தொட்டுக் கட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவருகிறாள். குதிரைகள் இரண்டையும் முகம் உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைக்கிறாள். பாட்டிலை இடது பக்கம் வைக்கிறாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு மேலேறி உட்கார்ந்துவிடுகிறாள்.

முதலில் எனக்கு இது குளிருக்காக என்று தோன்றியது. ஏசி அந்தப் பக்கம்தான். நாலைந்து மூவ் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. எதிராளி காய் நகர்த்தி கிளாக்கைத் தட்டினால் அவள் கை வெளியே வருவதில்லை. கண் மட்டும் போர்டில் ஒரு சுற்று வருகிறது. அப்புறம்தான் வலது கை மெதுவாக வெளியே வந்து, காயை எடுத்து வைத்து, கிளாக்கைத் தட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போகிறது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது செஸ் விதி. பார்த்த மாத்திரத்தில் பாய்கிற கைக்கும் யோசிக்கிற தலைக்கும் நடுவில் இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். அதை மனக்கட்டுப்பாட்டால் சம்பாதி என்றால் பத்து வயதுக் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. கைமேல் உட்கார் என்றால் விளங்கும். பழைய செஸ் வாத்தியார்கள் காலங்காலமாகச் சொல்லிவருகிற உபாயம்தான் இது. விளையாட்டு உளவியல் என்றால் மனதோடு ஏதோ பேசி அதை வழிக்குக் கொண்டுவருவது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உடம்புக்கு ஒரு வேலை கொடுப்பது. ரஃபேல் நடால் தண்ணீர் பாட்டில்களின் லேபிளை ஆடுகளத்தைப் பார்த்தபடி திருப்பி வைத்ததைக் கேலி செய்யாதவர்கள் உண்டா? சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில், தன் கைக்குள் அடங்கிய ஒரே காரியத்தை அவர் செய்தார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத் தொடரின் 14ஆவது, கடைசி ஆட்டம். டிங் லிரென் 55ஆவது மூவில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அதுதான் பட்டத்தையே கைமாற்றிய பிழை. குகேஷ் அதை உடனே பார்க்கவில்லை. வேறொரு மூவ் ஆடவிருந்ததாகவும், அப்போதுதான் எதிராளியின் மந்திரி மாட்டிக்கொள்வதைக் கவனித்ததாகவும் அவரே பின்னால் சொன்னார். கை முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் பகீரென்கிறது. கவனித்த பிறகும் அவர் பாய்ந்துவிடவில்லை. கண் விரிந்தது, உதடு லேசாகச் சிரித்தது, சற்று நேரம் எடுத்துக்கொண்டுதான் காயைத் தொட்டார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு குகேஷுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே போர்டில் காய்களை ஆரம்ப நிலையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். பதினெட்டு வயது உலக சாம்பியன் முதலில் செய்த காரியம் அது. அந்தத் தொடருக்கு அவரோடு மனப்பயிற்சியாளராக இருந்தவர் பேடி உப்டன் என்ற தென்னாப்பிரிக்கர். 2011ல் தோனி அணி உலகக் கோப்பை வென்றபோதும் அவர்தான் அணியுடன் இருந்தார். செஸ் உளவியல்காரரின் வேலை பகியோவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்வதற்குள் தலைகீழாகிவிட்டது. அன்றைக்கு எதிராளியைக் குலைக்க ஆள் வைத்தார்கள், இன்றைக்குத் தன் ஆள் குலையாதிருக்க வைக்கிறார்கள்.

27ஆம் போர்டில் திடீரென்று சலனம். ரெட்டைப் பின்னல் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தாள், ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள். யாரோ பின்வரிசையில் நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள். கை வெளியே வந்தது, சிப்பாயைத் தொட்டது. தொட்ட கணமே அவள் முதுகு நிமிர்ந்ததில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சிப்பாய் நகர்ந்தால் ராணி போயிற்று. நகர்த்தாமலும் இருக்க முடியாது. பேனா குத்திய பையன் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு ராணியை எடுத்து மேசையில் 'டொக்'கென்று வைத்தான்.

ஜன்னலில் யாரோ 'ஐயோ' என்றார்கள். அது அவளுடைய அம்மா இல்லை.

அந்தப் பெண் உடனே ஆடவில்லை. கிளாக் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், ஒரு மிடறு குடித்தாள், மூடியை இறுக்கித் திருகினாள், இடது பக்கமே வைத்தாள். கைகள் திரும்பத் தொடைக்கடியில் போயின. ஏழெட்டு விநாடி ஆகியிருக்கும். பிழை செய்துவிட்ட உடம்பில் நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோடு நிற்கும், கண் போன காயையே பார்க்கும். மிச்சமிருக்கும் காய்கள் அப்போது கண்ணில் படா. இரண்டாவது பிழை அங்கேதான் பிறக்கிறது, பல ஆட்டங்கள் அந்த இரண்டாவதில்தான் போகின்றன. பழகிய ஒரு சின்னக் காரியத்தை முழுசாகச் செய்து முடிப்பதற்குள் மூச்சு கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அவள் அதற்குப் பிறகு இருபது மூவ் ஆடினாள். நல்ல மூவ்கள். தோற்றாள். ராணி இல்லாமல் எத்தனை தூரம்தான் போகமுடியும்? கை கொடுத்துவிட்டு, ரிசல்ட் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காய்களை அடுக்கிவைத்துவிட்டு வந்தாள்.

வெளியே வராண்டாவில் என் பெஞ்சின் மறுமுனையில் அவளுடைய அம்மா. ஜன்னல் பக்கமே போகாமல் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவர். நிஜமாகவே மடியில் ஒரு பை அவரைக்காய். மகள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

"தோத்துட்டேன்."

"சரி. கை கழுவிட்டு வா, சப்பாத்தி இருக்கு."

அவ்வளவுதான். பாகுவில் 2023 உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா பேட்டி கொடுக்க, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா நாகலட்சுமியின் புகைப்படம் ஊரெல்லாம் சுற்றியதே, அது ஞாபகம் வந்தது. ஊர் ஊராகக் குக்கரும் அரிசியும் சுமந்துபோகும் அம்மா. பாராமல் பார்க்கத் தெரிவது ஒரு தனி வித்தை. அதற்குப் பட்டயப்படிப்பு எதுவும் இன்னும் வரவில்லை.

பத்தடி தள்ளி வேறு கச்சேரி. காதில் உபதேசம் ஓதிய அப்பாவின் மகன் ஜெயித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். அப்பா போனில் போர்டை வரைந்து வைத்திருக்கிறார். "பதினாலாவது மூவ்ல நைட்ட ஏன் அங்க வச்ச? அவன் பாத்திருந்தா? பாத்திருந்தா என்ன ஆயிருக்கும், சொல்லு." பையன் சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நிற்கிறான். வென்ற ஆட்டத்தின் தோல்வியை அவனிடம் நிரூபித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ரவுண்டில் அந்தக் குதிரையைத் தூக்கும்போது பையனின் காதில் யார் குரல் கேட்கும்? கெட்டவர் இல்லை அவர். வாரத்தில் ஆறு நாள் எங்கோ உழைத்துவிட்டு ஏழாவது நாளை இந்த வராண்டாவில் செலவழிக்கிறவர். ஆனாலும் அந்தச் சமோசாவை அவன் தின்ன விட்டிருக்கலாம்.

சிங்கப்பூரில் நவம்பர் 25ஆம் தேதி முதல் ஆட்டத்தையே குகேஷ் தோற்றார், அதுவும் வெள்ளைக் காய்களோடு. அன்றைக்கு லிஃப்டில் ஆனந்தைச் சந்தித்ததை அவர் பின்னால் சொன்னார். எனக்குப் பதினொரு ஆட்டம்தான் மீதி இருந்தது, உனக்குப் பதிமூன்று இருக்கிறது என்றாராம் ஆனந்த். 2010ல் சோஃபியாவில் தோபலோவிடம் முதல் ஆட்டத்தைப் பறிகொடுத்துவிட்டு, 12 ஆட்டத் தொடரை வென்றவர் அவர். லிஃப்ட் ஒரு மாடி ஏறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பேச்சு அது. எந்த மூவ் தப்பு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் சமன் செய்தார். 11ஆவதை வென்று முன்னேறி, 12ஆவதில் மறுபடி தோற்று, 13ஐ டிரா செய்தார். தோல்விக்குப் பிறகு மறுபடி வந்து உட்காரும் பழக்கம் அந்தத் தொடரில் அவருக்கு இரண்டு முறை தேவைப்பட்டது.

ரெட்டைப் பின்னல் சப்பாத்தியைச் சுருட்டித் தின்றுகொண்டே பையிலிருந்து கையகல நோட்டு ஒன்றை எடுத்தாள். பெஞ்சு சின்னது, எட்டிப் பார்க்காமலே தெரிந்தது. மூவ் எதுவும் எழுதவில்லை. பென்சிலால் இரண்டு வரி. 'சேர் சத்தம் கேட்டுச்சு. கை வந்துடுச்சு.' கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவதாக, 'தண்ணி குடிச்சேன்' என்று எழுதி அதற்கு மட்டும் ஒரு டிக் போட்டாள்.

"யார் இப்படி எழுதச் சொன்னாங்க?" என்று அம்மாவிடம் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவள் சாரே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இரண்டாம் மாடி டியூஷன் அறைகளில் வெள்ளிக்கிழமை மாலைகளில் செஸ் சொல்லிக்கொடுக்கும் எத்தனையோ பேரில் ஒருவர். உப்டனை வைத்துக்கொள்ள இங்கே யாருக்கும் வசதியில்லை. இரண்டாம் மாடி சாருக்குத் தெரிந்திருக்கிறது, ராணி போனதை எழுதவைத்தால் குழந்தைக்கு ராணிதான் ஞாபகமிருக்கும் என்று.

சுவரில் நான்காவது ரவுண்ட் பேரிங் ஒட்டிவிட்டார்கள். கூட்டம் அடித்துப்பிடித்துக்கொண்டு போகிறது. சமோசா அப்பா எல்லாருக்கும் முன்னால் நின்று போனை உயர்த்திப் படம் எடுக்கிறார். அந்தப் பெண் பெரியவர்களின் இடுப்புகளுக்கு நடுவே நுழைந்து, பார்த்துவிட்டு, வெளியே வருகிறாள்.

"அம்மா, முப்பத்தொண்ணு. பிளாக்."

"எதுத்தாப்ல யாரு?"

"பாக்கல. பாத்ரூம் போயிட்டுப் போறேன், பாட்டில்ல தண்ணி புடிச்சு வை."

அம்மா அவரைக்காயை ஓரமாக வைத்துவிட்டு வாட்டர் கேன் பக்கம் போகிறார். என் அக்கா பையன் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, "மாமா, எனக்கு பை வந்திருக்கு! ஆடாமலே ஒரு பாயிண்ட்டு!" என்று குதிக்கிறான்.