சம்பளம் போடாத சனிக்கிழமைகள்

17 நவம்பர் 2018, சனி

தீபாவளி முடிந்ததும் சில நாள் லீவு, அப்புறம் பூஜை போட்டு அடுத்த வருஷ வேலை. சிவகாசியில் இதுதான் வழக்கம். இந்த வருஷம் பூஜை இல்லை. அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சரவெடி கூடாது, பேரியம் உப்பு கூடாது, இனிமேல் பசுமைப் பட்டாசு மட்டும்தான். பேரியம் இல்லாமல் சக்கரத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் எதைப் போடுவது? புதுக் கலவை என்ன, எந்த அளவு என்று எங்கள் போர்மேனிடம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஆலையும் பூட்டியாயிற்று.

நான் கணக்குப்பிள்ளை. எனக்கு மாதச் சம்பளம், பாதியாவது வரும் என்கிறார்கள். அறைகளில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வாரக்கூலி. சனிக்கிழமை சாயங்காலம் பேர் பேராகக் கூப்பிட்டு எண்ணிக் கொடுப்பது என் வேலை. இன்று அந்த நேரம் வந்ததும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பீரோவில் கிடந்த பழைய டைரியை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

18 நவம்பர், ஞாயிறு

முக்குப் புரோட்டாக் கடையில் ஒரு கல்தான் எரிகிறது. "நேத்து பிசைஞ்ச மாவு அப்படியே மிஞ்சிப்போச்சு அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். சனிக்கிழமை ராத்திரி அங்கே பார்சலுக்கு நின்று வாங்க அரை மணி நேரமாவது ஆகும். சம்பளக் கவரைப் பிரிக்காமலேயே ஆலை வண்டியிலிருந்து இறங்கி வருகிறவர்களை அந்த வரிசையில் பார்த்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் தூங்காமல் காத்திருக்கும்.

25 நவம்பர்

அம்மாவுக்குப் பழைய படம் வேண்டும். ராத்திரி 'சர்வர் சுந்தரம்' போட்டார்கள். 1964-ல் வந்த படம், பாலசந்தர் கதை. நாகேஷ் ஹோட்டலில் சர்வர், அப்புறம் பெரிய நடிகர், கடைசியில் மறுபடி அதே ஹோட்டலில் சர்வர். ஒரு பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதையே அதில் காட்டிவிடுவார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் கையை ஆட்ட, டி.எம்.எஸ். நின்று பாடுவார். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அந்த இடம் சலிப்பதில்லை. திரையில் ஆடுகிறவனுக்குப் பின்னால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று துணிந்து காட்டிய படம் அது. நாகேஷின் அம்மா சாகிற கட்டம் வரும்போது என் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இன்றும் போனாள்.

அப்பா வேலை பார்த்த அச்சகத்தில் சினிமா போஸ்டர் அடிப்பார்கள். முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் சிவப்பு, பிறகு நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சள் மட்டும் ஏறிய தாளில் யார் முகம் என்றே தெரியாது. கறுப்பு விழுந்த பிறகுதான் மூக்கும் மீசையும் துலங்கும். கழிவுத் தாளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். என் பள்ளி நோட்டுகளுக்கு அதுதான் அட்டை. பெரிய போஸ்டரைப் பல தாள்களாக அடிப்பார்கள் என்பதால், கணக்கு நோட்டில் கதாநாயகன் நெற்றி இருக்கும், தமிழ் நோட்டில் தாடை இருக்கும். "படம் ஊருக்கு வாரதுக்கு முன்னாடி போஸ்டர் நம்ம வீட்டுக்கு வந்துருமேய்யா" என்று அம்மா இன்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது.

2 டிசம்பர்

'மாயாபஜார்'. கல்யாண விருந்து முழுவதையும் கடோத்கஜன் ஒருவனே தின்று தீர்க்கிறான். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

16 டிசம்பர், ஞாயிறு

இப்போதெல்லாம் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் சாத்தூருக்கோ விருதுநகருக்கோ பஸ் ஏறிவிடுகிறேன். சிவகாசியில் உட்கார்ந்தால் இலை போடும் முன்னே யாராவது வந்து, "எப்பத் தெறப்பாங்க?" என்பார்கள்.

விருதுநகரில் பர்மா கடையில் கூட்டம். அடுத்த தெருவில் ஒரு சின்னக் கடையில் நுழைந்தேன். எண்ணெய் புரோட்டா இந்த ஊரில்தான் சாப்பிட வேண்டும். கல்லில் வாட்டி எடுப்பதில்லை. குழிவான பெரிய கல்லில் எண்ணெயைத் தேக்கி, சின்னச் சின்னதாகத் தட்டிய புரோட்டாவை அதில் மிதக்கவிட்டுப் பொரிப்பார்கள். எண்ணெயும் பருப்பும் வத்தலும் மொத்தமாக ஏற்றி இறக்குகிற ஊர், எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்காது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. கையால் நொறுக்கி, சால்னாவை ஊற்றி, அது ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். மட்டன் சுக்காவும் சொன்னேன்.

கை கழுவப் பின்பக்கம் போனால், தரையில் உட்கார்ந்து ஒரு பெண் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "கணக்குப்பிள்ளை அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?" சக்கரம் சுற்றும் அறையில் வேலை பார்ப்பவள். தங்கச்சி வீட்டில் தங்கி இங்கே வருகிறாளாம். சாயங்காலம் கூலியோடு புரோட்டாவும் கொடுத்துவிடுகிறார்களாம்.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி? இங்க சுக்கா நல்லாருக்குமாம்."

சாப்பிட்டேன் என்றேன்.

அவள் கைகளைப் பார்த்தேன். பத்து வருஷமாக அந்தக் கை நீட்டி என்னிடம் கூலி வாங்கியிருக்கிறது. நகக்கண்ணில் அலுமினியப் பொடி எப்போதும் வெள்ளியாக ஏறியிருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. இன்று நகங்கள் சுத்தமாக இருந்தன. வெங்காயச் சாறு பட்டு விரல் நுனி மட்டும் வெளிறியிருந்தது.

எப்போது திறக்கும் என்று அவள் கேட்கவில்லை. கடைசியாக, "தீவாளிக்கு முந்தின அந்த ரெண்டு நாள் கூலி நோட்டுல இருக்குல்ல?" என்றாள்.

இருக்கிறது என்றேன். எழுதியிருக்கிறேன், கொடுக்கவில்லை. முதலாளி அந்த வாரக் கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். அவளுக்கு மட்டுமல்ல, அந்த அறையில் எல்லாருக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது திருத்தங்கல் வரைக்கும் நெஞ்சு கரித்தது. எண்ணெய் அதிகம்.

17 டிசம்பர்

அம்மா மறுபடி 'சர்வர் சுந்தரம்' கேட்டாள். வேறு படம் வைத்தேன்.

15 ஜனவரி 2019, பொங்கல்

நல்ல நாள். அம்மாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். பால்கோவாவைச் சூடாக இலையில் வைத்துக் கொடுத்தார்கள். பாலும் சீனியும் தவிர வேறொன்றும் சேராத பண்டம், விறகு அடுப்பில் கிண்டிக் கிண்டி இறுகினது. அம்மா இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். ராத்திரி 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தில் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஸ்ரீதர் கெட்டிக்காரர். பயப்படுகிற முகத்தை மட்டும் காட்டியே கொட்டகையைச் சிரிக்க வைத்துவிட்டார்.

2 பிப்ரவரி, சனி

முக்குக் கடை மாஸ்டர் திருப்பூருக்குப் போய்விட்டார்.

9 பிப்ரவரி

எங்கும் போகவில்லை. படமும் பார்க்கவில்லை.

23 பிப்ரவரி, சனி

வழக்கு முடியவில்லை, ஆலை திறக்கவில்லை. காலையில் வாரக்கூலி நோட்டை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் கணக்கைக் கூட்டிக் காட்டினேன். திறந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் அதுவரை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.