சுப்பீரியர் ஏரிக்கரையில் குட்டி ஆந்தைகள்

இலையுதிர் காலத்தில் மினசோட்டாவின் டுலூத் நகருக்கு வருகிறவர்கள் பகலெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். வடக்குக் காடுகளிலிருந்து வரும் பருந்துகள் சுப்பீரியர் ஏரியைக் கடக்கத் தயங்கிக் கரையோரமாகவே தெற்கே இறங்கி, ஹாக் ரிட்ஜ் குன்றின் மேல் திரள்கின்றன. நான் போனது இரவுக்காக. இருட்டிய பிறகு அதே கரையோரமாக சா-வெட் என்னும் குட்டி ஆந்தைகள் வருகின்றன.

மரங்களுக்கிடையே மெல்லிய வலை கட்டியிருந்தார்கள். சிக்கிய ஆந்தையை ஆய்வாளர் பக்குவமாக எடுத்து வந்தார். பெண் ஆந்தைதான், வலைகளில் அகப்படுவதில் பெரும்பகுதி பெண்களே. எடை 100 கிராம்கூட இல்லை. காலில் வளையம் மாட்டியபின் இறக்கையை விரித்துப் புற ஊதா விளக்கைக் காட்டினார். அடிப்பக்க இறகுகள் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தன! புது இறகில் உள்ள நிறமி நாளாக ஆக மங்கிவிடுமாம். இறக்கை முழுதும் ஒரே சீராக ஒளிர்ந்ததால், அது அந்த ஆண்டு பிறந்த குஞ்சு. பிறந்த சில மாதங்களில், வழிகாட்ட யாருமின்றி, இந்தத் தூரம். எனக்குத் தொண்டை அடைத்தது.

சா-வெட் ஆந்தை அரிய பறவை, இடம்பெயராதது என்றே பலர் வெகுகாலம் நம்பினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது வளையமிடும் பணிதான். ஹாக் ரிட்ஜில் ஆந்தைகளுக்கு வளையமிடுவது 1970களிலேயே தொடங்கியது. 1994இல் உருவான 'புராஜெக்ட் அவுல்நெட்' இன்று இப்படி வளையமிடும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களை இணைக்கிறது. வடக்கே எலிகள் பெருகும் ஆண்டில் குஞ்சுகளும் பெருகும். அந்த இலையுதிர் காலத்தில் வலைகள் நிறையும்.

கோடையில் இந்த ஆந்தைக்கு வேண்டியது முதிர்ந்த காடு. பெரும்பாலும் மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தில் முட்டையிடும். குளிர்காலத் தேவை வேறு. தாழ்ந்த கிளைகள் பின்னிக் கிடக்கும் ஊசியிலைப் புதர், பக்கத்திலேயே எலி ஓடும் வெட்டவெளி. பகல் முழுக்க அந்தப் புதரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஆளுயரத்தில் இருந்தாலும் தாண்டிப் போய்விடுவோம்.

பெருங்காடுகளைக் காக்கக் குரல் கொடுக்க ஆட்கள் உண்டு. வயலோரத்து ஊசியிலைப் புதருக்கு யார் இருக்கிறார்கள்? பார்வைக்கு அழகில்லை என்று கீழ்க்கிளைகளைக் கழித்துத் துப்புரவாக்குகிறோம். நான் பார்த்த குஞ்சுக்கு மார்ச் மாதம்வரை வீடு அதுதான். காகத்தின் கண்ணிலும் பெரிய ஆந்தையின் கண்ணிலும் படாமல் அது பகலைக் கழிக்க வேறு இடமில்லை.