டயல் டோனுக்கு யார் பொறுப்பு?

ஊரே இருட்டில் கிடக்கும் இரவிலும் பழைய தரைவழித் தொலைபேசியின் ரிசீவரை எடுத்தால் அந்த ஒற்றைச் சுருதி கேட்கும். விளக்கு, மின்விசிறி, டி.வி. எல்லாம் அடங்கிப்போயிருக்க, போன் மட்டும் உயிரோடு இருக்கும். இது எப்படி என்று யோசித்தவர்கள் குறைவு. யோசிக்கும் அவசியம் வந்ததில்லை. அந்த போனுக்கு வேண்டிய மின்சாரம் வீட்டு ஈ.பி. மீட்டரைத் தொடவே இல்லை. தெருக்கம்பத்து டி.பி. பெட்டியிலிருந்து கிளம்பி, சன்னல் ஓரமாக நுழைந்து, சுவரில் ரோசெட் பெட்டிக்குள் முடியும் இரண்டு செப்புக் கம்பிகள் பேச்சோடு சேர்த்து மின்சாரத்தையும் சுமந்து வந்தன. எக்ஸ்சேஞ்சின் ஓர் அறையில் 2 வோல்ட் பேட்டரிகள் இருபத்து நான்கு வரிசையாக நிற்கும். சேர்ந்தால் 48 வோல்ட். கரண்ட் போனால் அவை தாங்கும்; அவை இறங்குவதற்குள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டுவார்கள். மணி அடிப்பதற்கென்று மட்டும் 75 வோல்ட்டை ஒட்டிய மாறுமின்சாரம், விநாடிக்கு 25 முறை புரள்வது, அதே கம்பியில் ஏறி வரும். மாத பில்லில் இதற்கென்று ஒரு வரி இருந்ததில்லை. வாடகையோடு சேர்ந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இன்று செம்பு போய்க் கண்ணாடி இழை வருகிறது. பி.எஸ்.என்.எல். உட்படப் பலரும் பழைய எண்ணையே ஃபைபர் இணைப்புக்கு மாற்றித் தருகிறார்கள். நாம் பொதுவாக மோடம் என்று சொல்லும் ஓ.என்.டி. பெட்டியின் முதுகில் போனுக்கென்று ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதில் போனைச் செருகினால் வேலை முடிந்தது. அறைக்கு ஒரு போன் என்று வீடு கட்டும்போதே சுவருக்குள் கம்பி ஓட்டியவர்கள் அதோடு நிற்க விரும்புவதில்லை. அந்தக் கம்பிகளையும் இணைய அழைப்புக்குப் பயன்படுத்தலாமே என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். போன் துளையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துச் சுவரில் இருக்கும் ஏதாவதொரு சாக்கெட்டில் கொடுத்தால், வீட்டுக் கம்பிகள் முழுக்க டயல் டோன் பரவிவிடும். கம்பிக்குத் திசை கிடையாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வெளியிலிருந்து வரும் பழைய லைனை ரோசெட்டிலேயே கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். அந்தச் சின்ன ஓ.என்.டி. பெட்டி இப்போது தானே ஓர் எக்ஸ்சேஞ்ச்; டயல் டோனும் அதுதான் தருகிறது, மணி மின்சாரமும் அதுதான் தருகிறது. ஒரே கம்பியில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் சந்தித்தால் சேதம் சின்னதற்குத்தான். இரண்டு சேவையும் சிலகாலம் வேண்டும், மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்பவர்களுக்கு, ஜெனரேட்டர் வைத்த கடைகளில் பார்க்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச்சின் தத்துவமே போதும். நடுவில் வீட்டுக் கம்பி, ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் ஓ.என்.டி.; இரண்டு கம்பியும் ஒருசேர மாற வேண்டும், ஒரு பக்கத்தை முழுதாக விட்ட பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கு இருந்த தெம்பு இந்தப் பெட்டிக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணியுள்ள பழைய போன்கள் நான்கைந்தை ஒன்றாக மாட்டினால் எதுவுமே சரியாக அடிக்காமல் போகலாம். சுழற்றி டயல் செய்யும் கருவியில் வரும் அழைப்பைப் பேசிவிடலாம். அதிலிருந்து எண் சுழற்றினால் பல பெட்டிகளுக்குப் புரியாது.

இந்தக் கம்பி வேலை அரைமணி நேரத்துக்கு மேல் போகாது. அதைச் செய்யும்போது கைமாறும் ஒன்றை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பேச்சு செம்பில் போகிறதா, ஒளியில் போகிறதா என்பது பயனாளருக்கு ஒரு பொருட்டல்ல. குரல் சொல்லப்போனால் இன்னும் துல்லியமாகவே கேட்கலாம். இடம் மாறுவது மின்சாரம் தரும் கடமை. நேற்றுவரை டயல் டோனை உயிரோடு வைத்திருந்தது தொலைபேசித் துறையின் வேலை. ரோசெட்டில் அந்த இரண்டு திருகுகளைத் தளர்த்திய நொடி முதல் அது வீட்டுக்காரரின் வேலை. இந்த ஒப்படைப்புக்கு ஒப்பந்தம் கிடையாது, கையெழுத்து கிடையாது. பெரும்பாலும் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

இதன் விளைவைப் பிரிட்டன் கொஞ்சம் கடுமையாகவே அனுபவித்திருக்கிறது. அங்கே பழைய தொலைபேசி வலையை நாடு முழுக்க மூடிவிட்டு இணைய அழைப்புக்கு மாற 2025 டிசம்பரைக் கெடுவாக வைத்திருந்தார்கள். மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே 2021 நவம்பர் 26, 27 தேதிகளில் ஆர்வென் புயல் அடித்தது. பத்து லட்சத்தை ஒட்டிய வீடுகளில் மின்சாரம் போனது. அவற்றில் சில ஆயிரம் வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் திரும்பவில்லை. ரவுட்டர் அணைந்த வீட்டில் போனும் அணைந்தது என்ற புகார் வலுத்ததும், 2022 மார்ச்சில் அங்குள்ள தொலைபேசி நிறுவனமான பி.டி. வீடுகளை மாற்றும் வேலையை நிறுத்திவைத்தது. இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார்கள். விழுந்துவிட்டால் அழுத்த வேண்டியது. அது தொலைபேசி லைன் வழியாக ஓர் உதவி மையத்தை அழைக்கும். அங்கே சுமார் 18 லட்சம் பேர் இத்தகைய கருவிகளை நம்பியிருப்பதாக அரசே சொல்கிறது. லைன் மாற்றப்பட்ட சில வீடுகளில் அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை. இந்தக் கடுமையான நிகழ்வுகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் நிறுவனங்கள் கட்டாய மாற்றங்களை நிறுத்துவதாக உறுதி கொடுத்தன. கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

மின்சாரம் தரும் அந்தக் கடமை எவ்வளவு, யாருடையது என்பதில் சட்டங்களே ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், மின்சாரம் போனாலும் அவசர உதவிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் அழைக்க முடிய வேண்டும், தரைவழி போனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு அதற்கான ஏற்பாட்டை இலவசமாகத் தர வேண்டும் என்று 2018இல் வகுத்தது. அமெரிக்காவின் ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.சி.சி. 2015இல் வேறு வழியில் போனது. 8 மணி நேரம் தாங்கும் மாற்று மின்சாரத்தை நிறுவனம் விற்பனைக்கு வைக்க வேண்டும், சில ஆண்டுகளில் அதை 24 மணி நேரமாக்க வேண்டும் என்று 2025 வரை விதித்திருந்தது. வாங்குவதும் விடுவதும் வாடிக்கையாளர் பாடு. ஒன்று கொஞ்ச நேரத்துக்கு ஓசியில் தருகிறது, மற்றது நீண்ட நேரத்தை விலைக்குத் தந்தது. பழைய செம்புக் கம்பி நீண்ட நேரத்தையும் ஓசியில் தந்தது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கிறது.

பழைய லைனை இப்படித் தூக்கிப் பேசுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழைக்காலம் வந்தால் தெருமுனை பில்லருக்குள் தண்ணீர் இறங்கும். கரகரப்பு, குறுக்குப் பேச்சு, பிறகு டெட். சாலை தோண்டுகிறவர் ஒரு கேபிளை வெட்டினால் ஒரு தெருவே ஊமையாகும். புகார் கொடுத்துவிட்டு லைன்மேன் வரும் வழியைப் பார்த்துக் கிடந்த வாரங்களை எந்தத் தமிழ்க் குடும்பமும் மறந்திருக்காது. புயலில் மரம் சாய்ந்தால் கம்பத்திலிருந்து வரும் டிராப் ஒயரும் சேர்ந்தே அறுகிறது. ஒளியிழையோ ஈரத்துக்கு அஞ்சாது. அதன் பெருமை இன்னொன்று: எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே தெருவில் ஒளியைப் பிரிக்கும் சிறு பெட்டிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. அந்தக் கோடியும் இந்தக் கோடியும் விழித்திருந்தால் போதும், நடுவில் ஊர் தூங்கலாம். ஆகவே செம்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பதல்ல என் வாதம். பழையது பழுதானால் அந்த வீடு, அந்தத் தெரு என்று போகும். கரண்டோடு சேர்ந்து போகிற போன் ஊரோடு ஒரே நேரத்தில் போகும், அதுவும் உதவி கேட்க வேண்டிய அதே நேரத்தில். இழையின் அந்தக் கோடி எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பேட்டரி அறையுள்ள பழைய எக்ஸ்சேஞ்சிலா, அல்லது உள்ளூர் ஆபரேட்டரின் கடை மாடியில் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸின் தயவிலா?

அதுதான் கையில் செல்போன் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. பெரும்பாலான வீடுகளுக்கு, பெரும்பாலான நாட்களில், இதுவே போதுமான பதில். ஆனால் செல்போன் கோபுரமும் பேட்டரியில் வாழும் ஜீவன்தான். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டபோது மின்சாரத்தைத் தொடர்ந்து செல்போன் சேவையும் தள்ளாடியது. 2018 நவம்பர் 16இல் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறிய பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்பப் பல நாட்களாயின. கோபுரம் நின்ற இடத்தில்கூடக் கையிலிருக்கும் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வழியில்லை. இன்றும் தரைவழி எண்ணை விடாமல் வைத்திருப்பவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். காது மந்தமான பெரியவர்கள், நோயாளிகளுக்கு முப்பது வருடமாக ஒரே எண்ணைச் சொல்லிவரும் கிளினிக், லிஃப்ட்டுக்குள் ஓர் அவசர போன் வைத்திருக்கும் அடுக்ககம். செல்போன் போதாதவர்கள்தான் இதை வைத்திருக்கிறார்கள். அவர்களிடமே செல்போனைக் காட்டுவது பதிலாகாது.

மூன்றாவது மறுப்பு நம் ஊருக்கே உரியது, வலுவானதும்கூட. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது; பிரிட்டன்காரருக்கு இருக்கும் கவலை நமக்கு எதற்கு? கணக்குப் போட்டால் இவர்கள் பக்கம்தான் நியாயம். ஓ.என்.டி. பெட்டி ஏறக்குறைய 10 வாட்தான் சாப்பிடும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கியிருக்கிறது. விளக்கு, விசிறிக்கு நடுவே இந்தப் பெட்டி தின்பது உப்புக்கல் அளவு. இன்வெர்ட்டரே இல்லாவிட்டாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு சின்ன பேட்டரியில் 84 வாட்-மணி இருக்கிறது; இழப்பெல்லாம் போக ஐந்தாறு மணி நேரம் தாங்கும். சிக்கல் திறனில் இல்லை, சுவரில் இருக்கிறது. இன்வெர்ட்டர் லைன் பெரும்பாலும் விளக்குக்கும் விசிறிக்கும்தான் ஓடுகிறது. மோடம் உட்காருவதோ டி.வி.க்குப் பின்னால், இன்வெர்ட்டர் தொடாத பிளக்கில். தீர்வு பக்கத்து அறையிலேயே இருக்கும்போதும் போன் செத்துக் கிடக்கும். இழை இழுக்க வரும் பையன் அருகில் எந்த பிளக் இருக்கிறது என்று பார்ப்பான். அது எந்த லைன் என்று கேட்க மாட்டான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது அவன் வேலைப் பட்டியலில் இல்லை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சம்பளம் வாங்கியவர் ஒருவர் இருந்தார். வீட்டில் அந்த வேலைக்கு ஆள் போட்டாயிற்றா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

ஆகையால் மாற்றச் சொல்லி எழுதிக்கொடுக்கும் முன்பே ஓ.என்.டி. மாட்டும் சுவரை வீட்டுக்காரர் முடிவு செய்துவிட வேண்டும். மெயினை அணைத்து, எந்த பிளக் உயிரோடு இருக்கிறது என்று பார்த்தால் போதும். லிஃப்ட் போன், திருட்டு அலாரம் போல எதுவெல்லாம் பழைய லைனில் தொங்குகிறதோ அதையெல்லாம் மாற்றிய அன்றே, மெயின் அணைந்த நிலையிலும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு சொல். செம்பு லைனைத் தனியே வைத்திருக்க மாத வாடகை கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் தெருவில் அந்தக் கேபிளைப் பராமரிக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையில் புது லைனின் பேட்டரியை அசட்டை செய்துவிட்டு, ஒரு புயல் இரவில் சுவிட்ச்சைப் பழைய பக்கம் தள்ளினால், அந்தப் பக்கத் திருகில் கம்பி இருக்கும்; அதில் 48 வோல்ட் இருக்குமா என்பதை இப்போதே, வெயிலடிக்கும் ஒரு பகலில், ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.