பழைய கார் வாங்கப் போனேன்

எங்கள் வீட்டுக்குக் கார் என்பது ஆடம்பரத்துக்காக வந்த பொருளன்று. உம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு, வாரம் இருமுறை காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்கு டயாலிசிஸ் சிகிச்சைக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. போகும்போது பேருந்தில் எப்படியோ உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பும்போது தலையை நிமிர்த்தவும் திராணியிருக்காது. வாடகைக் கார் ஓய்வூதிய ஆசிரியனுக்குக் கட்டுப்படியாகவில்லை. எனவே 2019இல், ஏற்கெனவே இருவர் ஓட்டிய 2010ஆம் ஆண்டு ஆல்டோ ஒன்றை வாங்கினேன். நான்கு ஆண்டுகள் அது எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் ஊர் மறவாது. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தெருவில் நின்ற ஆல்டோவின் இருக்கை மட்டம்வரை தண்ணீர் ஏறி, இரண்டு நாள் வடியாமல் கிடந்தது. அல்லாஹ்வின் கிருபையால் வீட்டில் எவருக்கும் ஒன்றுமில்லை. அண்டை வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்ததும் ஆவல் தாங்காமல் தம் காரின் சாவியைத் திருப்பினார். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தது. காற்றைப் போலத் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாதல்லவா? உள்ளிருந்த கனெக்டிங் ராடு வளைந்து, எஞ்சினையே மாற்றும்படியாயிற்று. நான் சாவியைத் தொடாமல் மெக்கானிக் வரும்வரை காத்திருந்ததால் தப்பினேன். எனினும் காப்பீடு மூன்றாம் நபருக்கானது மட்டுமே என்பதால், செலவான 38,000 ரூபாயில் ஒரு காசும் திரும்பவில்லை.

கார் பிழைத்துக்கொண்டது. ஆனால் அது பழைய ஆல்டோவாக இல்லை. ஈரக்காற்று வீசும் காலை வேளைகளில் யாரும் தொடாமலே வைப்பர் தானாக ஓடத் தொடங்கும். காரில் ஜின் புகுந்துவிட்டதென்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், 2024 ஏப்ரலில் ஒரு பிற்பகல்வரை. அன்று சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அப்பால் கார் நின்றுவிட்டது. கொளுத்தும் வெயிலில் உம்மாவைச் சாலையோர வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்காரவைத்தேன். நாற்பது நிமிடம். உம்மா ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. அதுதான் என்னை வருத்தியது. வேறு கார் பார்த்தேயாக வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

கையிலிருந்தது 1,60,000 ரூபாய். ஆல்டோவைக் கொடுத்து அதன்மேல் பணம் போட்டு மாற்றுவதென்பது கணக்கு. வட்டிக்கு வாங்குவதில்லை என்ற உறுதி திருமணமான நாள்தொட்டு எங்கள் வீட்டில் உண்டு. ஆகவே கணக்குக்கு வெளியே போக வழியில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் உம்மாவைச் சிகிச்சை நிலையத்தில் தங்கையின் துணையோடு விட்டுவிட்டு, அந்த நான்கு மணி நேரத்துக்குள் நானும் மனைவியும் எங்கள் ஊர் மெக்கானிக் தம்பியும் திருநெல்வேலியில் ஒரு பழைய கார் வியாபாரியின் இடத்துக்குப் போனோம். வரிசையாக முப்பது கார்கள். எல்லாம் பெருநாள் காலையைப் போலப் பளபளத்தன.

கண்ணைப் பறித்தது 2017ஆம் ஆண்டு செலேரியோ. ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். விலையோ நம்ப முடியாத அளவு குறைவு. என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. மெக்கானிக் தம்பி ஒன்றும் பேசாமல் ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், கடைசி முழம்வரை. நாம் அன்றாடம் இழுக்கும் நீளம் சுத்தமாகத்தான் இருந்தது. அதற்கப்பால், எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும் பகுதியில், செம்மண் நிறத்தில் ஒரு கோடு. பின்பு ஸ்டெப்னி கிடக்கும் குழியின் விரிப்பைத் தூக்கினார். மூலையில் உலர்ந்த வண்டல். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு. ஏழு வயதுக் காருக்கு அத்தனை துரு வர நியாயமில்லை.

"இது வெள்ளத்தில் நின்ற வண்டி, சார்" என்றார் தம்பி.

வியாபாரி அசரவில்லை. "ஏலத்தில் வந்தது, பாய். இப்போது நன்றாக ஓடுகிறதா இல்லையா, அதைப் பாருங்கள்" என்றார்.

காப்பீட்டு நிறுவனங்கள் முழுச் சேதமென்று ஒதுக்கும் கார்கள் ஏலத்துக்கு வருவதும், பழுது பார்க்கப்பட்டு மறுபடி சந்தைக்கு வருவதும் உண்டு. அது குற்றமன்று, சொல்லாமல் விற்பதுதான் குற்றம். தண்ணீர் புகுந்த ஒயர்களின் இணைப்புகள் அன்றே கெடுவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல அரித்து, ஒருநாள் நட்டநடுச் சாலையில் கைவிடும். எனக்குக் கோபம் வந்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பழக்கம் வேறு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நிகழ்ச்சியை அவருக்குக் கொஞ்சம் உரக்கவே எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பக்கம் வேகன் ஆர் ஒன்று இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

2014ஆம் ஆண்டு வேகன் ஆர். பெயின்ட் மங்கல், கதவில் ஒரு நசுங்கல். எஞ்சின் சூடேறாமல் இருக்கும்போதே கிளப்பிப் பார்த்தோம். பெல்ட் கடைசிவரை சுத்தம். டயரில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களில் பின்னிரண்டு 21. அதாவது டயர் 2021இல் செய்யப்பட்டது. ஆர்.சி.யில் கடன் பதிவு ஏதுமில்லை. அபராத பாக்கியும் இல்லை. உம்மா ஏறி இறங்க ஏதுவாகக் கதவு உயரமாகத் திறந்தது. எனக்கு அதுவே போதுமானதாகத் தோன்றியது. பேரம் பேசி 2,45,000 ரூபாய்க்கு முடித்தோம்.

அடுத்து ஆல்டோவின் முறை. கடைப் பையன் அதை ஒரு சுற்று ஓட்டிவந்து தலையசைத்தான். வெயில் காய்ந்த நாள். வைப்பர் அடக்கமாகக் கிடந்தது. "85,000 தருகிறேன், பாய்" என்றார் வியாபாரி. 1,60,000-உம் 85,000-உம் சேர்ந்தால் 2,45,000. அளந்து வைத்தாற்போல் இருந்தது. அல்ஹம்து லில்லாஹ் என்று வாயெடுத்தேன். அப்போது மனைவி என் பக்கம் திரும்பி, பிறர் காதில் விழாமல் கேட்டாள்: "நம் கார் பெல்ட்டை இழுத்தால் என்ன தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்தச் சில நிமிடங்களில் என் மனம் ஒரு வழக்கறிஞரைப் போல வாதாடியது. அவர் வியாபாரி, சோதித்து வாங்குவது அவர் தொழில். சற்று முன் அவர் என்னிடமே ஈரக் காரை விற்க முற்பட்டவர். நான் 38,000 செலவழித்துச் சரி செய்த பிறகு அதை எப்படி வெள்ளக் கார் என்பது? தவிர, அங்கே ஊசிகளோடு படுத்திருப்பது என் உம்மா, எனக்காகவா செய்கிறேன்? வாதங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் மெக்கானிக் தம்பி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காரைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒயர் ஒயராக உலர்த்தியவர் அவர்தான்.

"இந்தக் காரும் டிசம்பர் வெள்ளத்தில் நின்றது. இருக்கை மட்டம்வரை. சரி செய்திருக்கிறேன். ஏப்ரலில் ஒருமுறை வழியில் நின்றது" என்றேன். என் குரல் தானியக் குவியல் கதை சொன்ன குரலாக இல்லை.

வியாபாரி சிரித்துவிட்டார். "நான் கேட்கவே இல்லையே, பாய்!"

விலை 50,000 ஆயிற்று. மீதி 35,000-க்கு அவரே கடன் ஏற்பாடு செய்து தருவதாகவும், மாதத் தவணை தெரியாமலே போய்விடும் என்றும் சொன்னார். வேண்டாமென்று 2,000 ரூபாய் முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு, அதே ஆல்டோவில் உம்மாவை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். வழியெல்லாம் நான் மனைவியிடம் பேசவில்லை. அவள் கேட்டது நியாயமென்று தெரிந்தும் கோபம் தணிய மஃரிப் ஆயிற்று.

விஷயம் மச்சான் காதுக்கு எப்படியோ போய், மறுநாள் பணத்தோடு வந்தார். கடனை எழுதிக்கொள்ளும்படி மார்க்கம் சொல்லியிருக்கிறதே என்று, இரண்டு சாட்சிகளோடு காகிதம் எழுதிய பிறகே கையில் கொடுத்தார். மாதம் 2,500 வீதம் பதினான்கு மாதம். அவருக்கும் வீட்டில் செலவு உண்டு, நான் அறிவேன்.

பத்திர விவகாரத்தில் நான் எதையும் விடவில்லை. கார் கைமாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறாவிட்டால், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைப்பவர்கள் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கப் படிவம் 29-சி வந்துவிட்டது. ஆல்டோவுக்கு அது, வேகன் ஆருக்கு 29, 30. காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். முன்னவருக்கிருந்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், நமக்கு வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆல்டோவின் ஒப்படைப்புச் சீட்டில் "2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றது" என்று என் கையால் எழுதிக் கையொப்பமிட்டேன். வியாபாரி தோளைக் குலுக்கினார்.

அந்தச் செலேரியோ அன்று அங்கில்லை. யார் வாங்கினார்களோ! பெல்ட்டின் கோட்டைப் பார்த்த நான், வியாபாரிக்கு உபதேசம் செய்தேனேயன்றி, அன்று அந்தக் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த இளம் தம்பதியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது இன்றும் உறுத்துகிறது.

நவம்பரில், வடகிழக்குப் பருவமழை பிடித்த சமயம், ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தென்காசிப் பக்கத்து இளைஞர். ஆல்டோவின் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்த பழைய சர்வீஸ் சீட்டில் என் எண்ணைப் பார்த்தாராம். எனக்கு நெஞ்சு படபடத்தது.

"அது வெள்ளத்தில் நின்ற கார் என்று உங்களிடம் சொன்னார்களா, தம்பி?" என்று நானே முந்திக் கேட்டேன்.

"சொன்னார்கள், ஐயா. நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டித்தான் 65,000-க்குக் கொடுத்தார்கள். அது இல்லை விஷயம். காலையில் வைப்பர் தானாக ஓடுகிறதே, அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?"

வைப்பரை நான் வியாபாரியிடமும் சொல்லியிருக்கவில்லை. மழையில்லாத நாளில் அது என் நினைவிலேயே இல்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மெக்கானிக் தம்பியின் எண்ணைக் கொடுத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள இணைப்பு ஒன்றில் பச்சை பூத்திருக்கும், அதைச் சுத்தம் செய்தால் போதும் என்று தம்பி அவருக்குச் சொன்னாராம். மறுவாரம் அந்த இளைஞர் மீண்டும் அழைத்து, வைப்பர் நின்றுவிட்டது, இப்போது ஹாரன்தான் அடிக்கவில்லை என்றார்.