டாயில் பிரன்சனும் சனிக்கிழமை சம்பளமும்

"அது திறமை விளையாட்டு டாக்டர், கோர்ட்டே சொல்லிருச்சு." நல்லூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போற தம்பிகள்கிட்ட ரம்மி, போக்கர் பத்திப் பேசினா இதுதான் பதில்.

உண்மைதாங்க. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரெண்டையும் திறமை ஆட்டம்னுதான் சொன்னது. சரி, அந்தத் திறமை எப்படி இருக்கும்? அதில் உச்சம் தொட்ட ஒருத்தரையே பார்ப்போம்.

டாயில் பிரன்சன். 1933ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர். நல்ல கூடைப்பந்து வீரர். வேலை செஞ்ச இடத்தில் பலகைகள் சரிஞ்சு கால் உடைஞ்சதோட அந்தக் கனவு போச்சு. 1962ல் புற்றுநோய். சில மாசம்தான்னு டாக்டர்கள் கைவிரிச்சாங்க. மனுஷன் 2023 வரை, 89 வயசு வரைக்கும் இருந்தார். (நாங்க நாள் குறிச்சா சில நேரம் இப்படியும் ஆகும்!)

உலகப் போக்கர் தொடரில் 10 பட்டம். முதன்மைப் போட்டியை 1976, 1977னு அடுத்தடுத்து ஜெயிச்சார். பத்தாவது பட்டம் வாங்கும்போது வயசு 71.

ஆட்டம் எப்படி? நல்ல சீட்டு வரட்டும்னு காத்திருக்க மாட்டார். சுமாரான சீட்டிலேயே பந்தயத்தை ஏத்துவார். எதிராளி பயந்து சீட்டைப் போட்டுடுவார். இப்படிச் சின்னச் சின்ன ஜெயிப்பா சேர்த்து, அந்தப் பணத்தை வச்சுத்தான் பெரிய ஆட்டத்தில் துணிவார். மாட்டினாலும் போறது பெரும்பாலும் ஜெயிச்ச காசு. இதையெல்லாம் மறைக்காம 'சூப்பர் சிஸ்டம்' புத்தகத்தில் எழுதியும் வச்சார்.

இதுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தைப் படிக்கத் தெரியணும். தோத்தாலும் திரும்ப உட்காரப் பணம் இருக்கணும். ஆரம்பத்தில் இவரே ரெண்டு கூட்டாளிகளோட லாஸ் வேகாஸ் போய் மொத்தத்தையும் தோத்துட்டுத்தான் வந்தார்.

1976 கடைசி ஆட்டத்தைக் கேளுங்க. இவர் கையில் 10, 2. எதிராளி கையில் ஏஸ், ஜாக்கி. கடைசி சீட்டுக்கு முன்னாடி வரை இவர் பின்தங்கித்தான் இருந்தார். வெளியே தெரியாத 44 சீட்டில் வெறும் 4 தான் இவரைக் காப்பாத்தும். அதில் ஒண்ணு, ஒரு 10, விழுந்தது. உலக சாம்பியன்!

அன்னைக்கு அந்தச் சீட்டு விழலைன்னாலும் அவர் மறுநாள் ஆடியிருப்பார். நம்ம தம்பிக்கு சனிக்கிழமை சம்பளம் போனா, திங்கட்கிழமை அரிசிக்கே கடன். போனில் எதிராளி முகமும் தெரியாது. விட்டதைப் பிடிக்கிறேன்னு விடிய விடிய முழிச்சுட்டு, காலையில் ஓவர்லாக் மிஷின் முன்னாடி உட்கார்ந்து தூங்கி வழியறது திறமைக் கணக்கில் வராது. அது நோய். 2013 முதல் மனநல மருத்துவக் கையேட்டில் போதைப் பழக்கங்களோட சேர்த்தே சூதாட்ட நோயையும் வச்சிருக்காங்க.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மத்திய அரசு தடை செஞ்சிருச்சு. ஆனா பழகின மூளைக்குச் சட்டம் தெரியாது. தூக்கம் கெட்டு, கடனை வீட்டில் மறைக்கிற நிலைமைன்னா அரசு மருத்துவமனை மனநல ஓபிக்கு வாங்க. நேரில் வரக் கூச்சமா இருந்தா 14416 கூப்பிடுங்க. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம்.